முகவரி தொலைத்த தாலாட்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

## எதற்காக இந்தப் பதிவு

ஒரு சமூகத்தின் பாட்டையோ குரலையோ வெளியார் உரியவரைக் கேட்காமல், பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்வதைப் பண்பாட்டு அபகரிப்பு என்கிறார்கள். பிரபல இசையில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். இசைக்கு எல்லை கிடையாது என்பார்கள் சிலர். எங்கள் சொத்தைத் திருடிவிட்டார்கள் என்பார்கள் வேறு சிலர். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அது யார் வாயிலிருந்து கிளம்பியது, எந்தெந்தக் கை மாறியது, ஒவ்வொரு கையிலும் என்ன கழன்று விழுந்தது என்று பார்த்தால்தான் எனக்கு விஷயம் பிடிபடுகிறது. அதனால்தான் பசிபிக் தீவு ஒன்றின் தாலாட்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1970-ல் ஒரு பெண் பாடியது. 1992-ல் ஐரோப்பாவில் நடனப் பாட்டாகியது. அப்புறம் உலகமெல்லாம் போனது.

நிகழ்வு ஆய்வுகளில் ஆட்களின் பெயரை எழுதாமல் விடுவது வழக்கம். நானும் ஆய்வாளர், தயாரிப்பாளர்கள், சாக்ஸபோன் கலைஞர் என்று அவரவர் வேலையைக் கொண்டே குறிப்பிடுகிறேன். ஒரு பெயரை மட்டும் எழுதப்போகிறேன்: அஃபுனாக்வா. பாடியவர் அவர்தான். அவர் பெயர் விடுபட்டுப்போனதுதான் இங்கே நடந்த தவறின் நடுப்பகுதி. நானும் அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனமில்லை.

## பின்னணி: மலைட்டா, 1970

சாலமன் தீவுகள் பாப்புவா நியூ கினிக்குக் கிழக்கே இருக்கின்றன. 1978 வரை பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த நாடு. அதில் மக்கள் நெருக்கமாக வாழும் தீவுகளில் ஒன்று மலைட்டா. பல மொழிகள் பேசும் தீவு அது. மூங்கில் குழல்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டி ஊதும் இசைக்குழுக்களுக்குப் பேர்போன இடம். வடபகுதியில் பைகு மக்களும், அவர்களை அடுத்து ஃபட்டலேகா மக்களும் வாழ்கிறார்கள். தோட்டம் போட்டுச் சேம்பும் வள்ளிக்கிழங்கும் விளைவித்துப் பிழைக்கும் ஊர்கள்.

சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிஸில் வேலை பார்த்த ஓர் இசை ஆய்வாளர் அங்கே போய், குழல் இசை, சடங்குப் பாட்டு, தாலாட்டு என்று பதிவு செய்துகொண்டிருந்தார். அந்தப் பதிவுகளில் ஒன்றுதான் அஃபுனாக்வா பாடிய தாலாட்டு. அதன் பெயர் ரோரோக்வேலா. பக்கவாத்தியம் கிடையாது. ஒரு குரல், ஏறி இறங்கித் திரும்பத் திரும்ப வரும் ஒரு மெட்டு.

அந்தப் பாட்டின் பொருளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதைத் தெரிந்துகொள்ளாமல் நடந்தது. நம் ஊர்த் தாலாட்டில் யார் அடித்து நீ அழுகிறாய், மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா என்று பிள்ளையைக் கேட்போம். அடிக்கவும் அணைக்கவும் சுற்றிலும் உறவு இருக்கிறது என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் தைரியம். ரோரோக்வேலாவில் அந்த உறவு இல்லை. அம்மா அப்பா இருவரும் செத்துப்போய்விட்டார்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளையிடம் பேசுகிறது. தம்பி, அழாதே, நீ அழுதாலும் இனி யார் உன்னைத் தூக்குவார்கள், யார் உனக்குத் தலைவாரி விடுவார்கள், நாம் இரண்டு பேருமே அநாதைகள்தானே என்கிறது. அப்புறம், செத்தவர்கள் போய்ச் சேரும் தீவிலிருந்து அவர்களின் ஆவி நம்மைப் பார்த்துக்கொள்ளும் என்று தேற்றுகிறது.

தாய் தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகளின் பாட்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## இசைத்தட்டு வெளியானது

1973-ல் இந்தப் பதிவுகள் யுனெஸ்கோ வரிசையில் ஓர் இசைத்தட்டாக வந்தன. யுனெஸ்கோவின் அந்த இசைத் தொகுப்பு 1961-ல் தொடங்கப்பட்டது. தொடங்கி வைத்தவர், சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே பிரெஞ்சு அறிஞர். மேற்கத்திய இசைக்கு வெளியே உள்ள இசை மரபுகளையும் சமமாக மதித்துக் கேட்கவைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்படிப்பட்ட இசைத்தட்டுகளோடு வரும் குறிப்பில் எந்த ஊர், எந்த மக்கள், என்ன சமயத்தில் பாடுவது என்றெல்லாம் எழுதியிருக்கும். அந்தக் குறிப்பு இருக்கும்வரை பாட்டுக்கு ஒரு முகவரி இருந்தது என்று சொல்லலாம்.

பல்கலைக்கழக நூலகங்களிலும் ஆர்வலர்கள் வீடுகளிலும் அது கிடந்தது. 1990-ல் அதே தொகுப்பை சிடியாக மறுவெளியீடு செய்தார்கள்.

அந்த இடைப்பட்ட காலத்தில் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. ஒன்று, சாம்ப்ளர் என்ற கருவி சாதாரண ஸ்டூடியோக்களுக்கும் வந்துவிட்டது. எந்த சிடியிலிருந்தும் சில விநாடி ஒலியை வெட்டி எடுத்து, வேகம் மாற்றி, சுருதி மாற்றி, தாளத்தின் மேல் உட்காரவைத்துவிடலாம். இன்னொன்று, 1987-ல் லண்டனில் இசைத்தட்டு வியாபாரிகள் சிலர் கூடிப் பேசி, ஆங்கிலமல்லாத உலக இசைக்கெல்லாம் கடையில் ஒரே அலமாரி வைக்க ‘வேர்ல்ட் மியூசிக்’ என்ற பெயரை முடிவு செய்தார்கள். கடைக்காரருக்கு வசதியான பெயர். ஆனால் அந்த அலமாரியில் மலைட்டாவும் காங்கோவும் திபெத்தும் தோளோடு தோள் உரசி நின்றன. வாங்குபவருக்கு எது எங்கிருந்து வந்தது என்பது ஒரு பொருட்டாக இல்லாமல் போனது.

## 1992: அனுமதி கேட்ட விதம்

பிரான்ஸைச் சேர்ந்த இரண்டு இசைத் தயாரிப்பாளர்கள் ‘டீப் ஃபாரஸ்ட்’ என்ற பெயரில் ஓர் ஆல்பம் செய்துகொண்டிருந்தார்கள். மழைக்காடு, அழிந்துவரும் பழங்குடி வாழ்க்கை, மின்னணுத் தாளம், இவை மூன்றும் சேர்ந்ததுதான் அவர்களின் எண்ணம். அதற்கு அவர்கள் எடுத்த குரல்களில் அஃபுனாக்வாவின் குரலும் ஒன்று. அந்தக் குரலை வைத்துச் செய்த பாட்டின் பெயர் ‘ஸ்வீட் லல்லபி’, அதாவது இனிய தாலாட்டு.

அனுமதி கேட்கப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ‘திருட்டு’ என்ற ஒரு சொல்லில் இதை முடித்துவிட்டால், எங்கே தவறு நடந்தது என்பது கண்ணிலேயே படாது. யுனெஸ்கோ வழியாகக் கேள்வி ஆய்வாளரிடம் வந்தது. அவர் முதலில் மறுத்துவிட்டார். அப்புறம் அவர் பெரிதும் மதித்த ஓர் ஆப்பிரிக்க இசையமைப்பாளர் தொலைபேசியில் பேசினார். நல்ல காரியம் ஒன்றுக்கான இசைத் தொகுப்பு என்று தான் புரிந்துகொண்டதாகவும், பேசியவர் மேல் இருந்த மரியாதையால் வாயால் சம்மதம் சொன்னதாகவும் அந்த ஆய்வாளர் பிறகு எழுதினார். வெளியே வந்தது வணிக நோக்கிலான நடன இசை ஆல்பம். அதன் குறிப்பில் யுனெஸ்கோவின் ஆதரவும், பதிவுகளைச் சேகரித்த இரண்டு இசை ஆய்வாளர்களின் ஆதரவும் இருப்பதாக எழுதியிருந்தது. அந்த இருவரில் இவரும் ஒருவர்.

தயாரிப்பாளர்கள் பக்கம் நின்று பார்த்தால், கேட்க வேண்டியவர்களிடம் கேட்டாகிவிட்டது. பெரிய சர்வதேச அமைப்பின் பெயரே இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஆய்வாளர் பக்கம் நின்று பார்த்தால், ஒரு நண்பருக்காகச் சொன்ன ஒரு வார்த்தை. இந்தத் தொலைபேசிப் பேச்சுகள் பாரிஸைச் சுற்றியே நடந்தன. மலைட்டாவுக்கு ஒரு கடிதமும் போகவில்லை. பாடியவர் அப்போது உயிரோடு இருந்தார்.

நல்லெண்ணம் உள்ள ஆட்கள் வரிசையாக நின்று ஒருவருக்கொருவர் அனுமதி கொடுத்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் பாட்டுக்கு உரியவர் மட்டும் இல்லை. இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர் இருந்திருந்தால் விளக்கம் சுலபமாக இருந்திருக்கும்.

## பாட்டுக்குள் என்ன நடந்தது

இந்தப் பாட்டை நான் பல முறை கவனித்துக் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள், கேட்கும்போது அந்தக் குரலை மட்டும் விடாமல் பின்தொடருங்கள். தொடக்கத்தில் அவர் குரல் தெளிவாக இருக்கிறது. அடியில் சிந்தசைசர், மேலே மின்னணுத் தாளம். இடையில் மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் பெண்கள் தண்ணீரை அடித்து எழுப்பும் தாள ஒலியும், அங்கேயே பதிவான, குரலைச் சட்டென்று மேலும் கீழும் மாற்றிப் பாடும் யோடல் குரல்களும் வந்து போகின்றன. அடுத்த சுற்றில் அதே மெட்டை ஸ்டூடியோ குரல்கள் சேர்ந்து பாடுகின்றன. தனிக்குரல் கூட்டுக்குரலாகிறது. போகப்போக அந்தக் கூட்டத்துக்குள் அவர் கரைந்துபோகிறார். எது அஃபுனாக்வா, எது பின்னணிப் பாடகர் என்று பிரிக்க முடியாது.

கேட்பதற்கு அழகாகவே இருக்கிறது. அதை மறுப்பது நேர்மையாக இருக்காது. இசைக் கலைஞன் வேறொரு மரபைத் தொடவே கூடாது என்று நான் வாதாடப்போவதும் இல்லை. அப்படிச் சொன்னால் கர்நாடக இசைக்குள் வயலின் வந்திருக்காது, நாகஸ்வரக் கச்சேரிக்குள் ஆங்கில நோட்டு வந்திருக்காது. ஆனால் வயலினை எடுத்தவர்கள் அந்த வாத்தியத்தைக் கற்று, தங்கள் கையால் வாசித்தார்கள். இங்கே எடுத்தது ஒரு மனுஷியின் தொண்டை. மெட்டைக் கற்றுக்கொண்டு வேறொருவர் பாடுவதும், ஒருவர் பாடியதையே வெட்டி எடுத்து ஒட்டுவதும் ஒன்றாகாது. இரண்டாவதில் அந்த ஆள் அங்கேயே இருக்கிறார், மூச்சு வாங்குவது உட்பட.

## ‘பிக்மி தாலாட்டு’

ஆல்பத்தின் எழுத்தும் படமும் மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் பிக்மி மக்களைச் சுற்றியே இருந்தன. விற்பனையில் ஒரு பகுதி பிக்மி மக்களுக்கான ஒரு நிதிக்குப் போகும் என்றும் அறிவித்திருந்தார்கள். அந்த நிதி அமைப்பு இருந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில். கேட்டவர்கள் எல்லாம், இயல்பாகவே, அந்தத் தாலாட்டும் பிக்மி தாலாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். மலைட்டாவுக்கும் மத்திய ஆப்பிரிக்காவுக்கும் இடையே 15,000 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். மொழிக் குடும்பமே வேறு. பைகு மொழி ஆஸ்திரோனேசிய மொழி, மலாய்க்கும் ஹவாய் மொழிக்கும் தூரத்துச் சொந்தம்.

பாட்டு வெற்றி பெற்றது. 1994-ல் பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. ஆல்பம் அதே ஆண்டு கிராமி விருதுக்குப் பரிந்துரை ஆனது. குளிர்பானம், கார், அழகுசாதனம் என்று பல விளம்பரங்களில் அந்த மெட்டு ஒலித்தது. பெற்றோரை இழந்த பிள்ளையிடம் உன்னை யார் தூக்குவார்கள் என்று கேட்கும் வரிகள், அழகுசாதனத்தையும் காரையும் விற்கப் பயன்பட்டன. விளம்பரம் எடுத்தவர்களுக்கு அந்த மொழி தெரியாது, பார்த்தவர்களுக்கும் தெரியாது. புரியாத மொழி என்பதாலேயே அது ‘தூய்மை’, ‘ஆதி காலம்’, ‘இயற்கை’ என்று எதை வேண்டுமானாலும் சொல்லும் ஒலியாகிவிட்டது.

தவறான பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சின்ன விஷயம் போதும். 1996-ல் நார்வே நாட்டு சாக்ஸபோன் கலைஞர் ஒருவர், ஜாஸ் உலகில் பெரிய மரியாதை உள்ளவர், அந்த மெட்டைத் தன் ஆல்பத்தில் வாசித்தார். சாம்ப்ளர் இல்லை, வெட்டி ஒட்டல் இல்லை. மெட்டை உள்வாங்கித் தன் மூச்சில் வாசித்தார். நான் மேலே சொன்ன அளவுகோலின்படி இது மரியாதையான வழி. ஆனால் அவர் வைத்த தலைப்பு ‘பிக்மி லல்லபி’. ஆப்பிரிக்க மெட்டு என்றே குறிப்பும் இருந்தது. அவருக்கு அந்த மெட்டு கிடைத்ததே அந்த நடனப் பாட்டிலிருந்து. முதல் ஆல்பத்தில் பூடகமாக இருந்த தவறு, இரண்டாவதில் தலைப்பாகவே அச்சாகிவிட்டது.

பணத்தைப் பிறகு கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடலாம். பெயர் ஒரு முறை தவறாக அச்சாகிவிட்டால், அதைத் திருத்த வருபவரின் சத்தம் அந்தப் பாட்டின் சத்தத்தைவிட எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

## எதிர்ப்பு, 1996 முதல் 2000 வரை

ஆய்வாளர் சும்மா இருக்கவில்லை. 1996-ல் ஓர் ஆய்விதழில் நடந்ததையெல்லாம் எழுதினார். தன் பெயர் எப்படிப் பயன்பட்டது, தான் என்ன நினைத்துச் சம்மதித்தார் என்பதையும் மறைக்கவில்லை. தன் பக்கத் தவறையும் சேர்த்து எழுதுகிற ஆய்வாளர்கள் அதிகம் இல்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன். 2000-ல் பாப்புவா நியூ கினியில் நெடுங்காலம் வேலை செய்த ஓர் அமெரிக்க மானுடவியலாளர், இந்தத் தாலாட்டின் பயணம் முழுவதையும் தொடர்ந்து விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அஃபுனாக்வா என்ற பெயர் ஆய்வாளர் வட்டத்துக்கு வெளியே தெரியவந்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இந்த நிகழ்வில் இல்லை. சட்டம் அப்போது எப்படி இருந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். மரபுப் பாட்டுக்கு இயற்றியவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. எனவே அதைப் பொதுச் சொத்தாகவே பதிப்புரிமைச் சட்டம் கருதும். ஒலிப்பதிவின் உரிமை அதை வெளியிட்டவருக்கு. இரண்டுக்கும் நடுவில் பாடியவருக்கு என்ன? 1961-ன் ரோம் உடன்படிக்கை நிகழ்த்துகலைஞருக்கு உரிமை கொடுத்தது. ஆனால் இலக்கிய, கலைப் படைப்புகளை நிகழ்த்துபவர் என்று அதில் வரையறுத்ததால், நாட்டார் பாட்டைப் பாடுபவர் அதற்குள் வருவாரா என்பது குழப்பமாகவே இருந்தது. 1996 டிசம்பரில் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம்தான் நாட்டார் கலை வெளிப்பாடுகளை நிகழ்த்துபவரையும் வெளிப்படையாகச் சேர்த்தது, தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் கொடுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 2002-ல். நடனப் பாட்டு வந்து பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

## பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்று

ஏறக்குறைய அதே காலத்தில் தைவானிலும் இப்படி ஒன்று நடந்தது. அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த வயதான தம்பதியின் பாட்டு ஐரோப்பாவில் பதிவாகி ஒரு சிடியில் வந்திருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த இசைக்குழு ஒன்று அதிலிருந்து அவர்கள் குரலை எடுத்து ஒரு பாட்டுக்குள் சேர்த்தது. அந்தப் பாட்டு 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் ஒலித்தது. பாக்கு விவசாயம் பார்த்த அந்தப் பெரியவர் உலகம் முழுக்கக் கேட்டது தன் குரல்தான் என்று அறிந்தார், அதைச் சொல்ல அவருக்கு ஊரில் ஆதரவும் இருந்தது. 1998-ல் வழக்குப் போட்டார்கள். 1999-ல் சமரசம் ஆனது. அதன் பிறகு வந்த வெளியீடுகளில் அவர்கள் பெயர் இடம்பெற்றது.

இரண்டுக்கும் வித்தியாசம் பாட்டில் இல்லை. தைவானில் தொலைக்காட்சி இருந்தது, பத்திரிகைகள் இருந்தன, வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள், பழங்குடி உரிமைக்கான இயக்கமும் அப்போது வலுவாக இருந்தது. வட மலைட்டாவின் தோட்டத்தில் இருந்த பெண்ணுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. தன் குரல் காணாமல் போனதை அறிய வேண்டுமானால் முதலில் அது காதில் விழ வேண்டும்.

அஃபுனாக்வா 1998-ல் காலமானார்.

## 2006-க்குப் பிறகு

அந்த நடனப் பாட்டுக்கு இரண்டாவது வாழ்வு இணையத்தில் கிடைத்தது. 2006-ல் ஓர் அமெரிக்க இளைஞர் உலகின் பல இடங்களில் நின்று அசட்டுத்தனமாக ஒரே மாதிரி ஆடும் வீடியோ யூடியூபில் பரவியது. பின்னணியில் ஒலித்தது அதே பாட்டின் ஒரு வடிவம். நானும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன்தான். யார் பாடுகிறார் என்று அப்போது எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த இளைஞருக்குத் தோன்றியது. இந்த ஆய்வில் எனக்கு ஆறுதல் தரும் ஒரே பகுதி இது. தன் வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்த பிறகு, அந்தக் குரல் யாருடையது என்று விசாரித்து, மலைட்டாவின் தலைநகரான ஆவ்கிக்கே போனார். அங்கேதான் அஃபுனாக்வா சில ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டார். அவருடைய உறவினர்களைக் கண்டுபிடித்தார்.  போய் வந்ததையும் ஒரு வீடியோவாக வெளியிட்டார், தலைப்பிலேயே அஃபுனாக்வாவின் பெயரை வைத்து.

பாட்டை வெட்டியவர் அவர் இல்லை. அனுமதி கேட்டவர் கொடுத்தவர் பட்டியலிலும் அவர் இல்லை. அதை வெறும் பின்னணி இசையாகப் பயன்படுத்திய கடைசி ஆள். அந்த வீட்டு வாசல்வரை போனவர் அவர்தான்.

இப்போது அந்த யுனெஸ்கோ தொகுப்பு அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. தேடினால் அசல் தாலாட்டைக் கேட்கலாம். நடனப் பாட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது மிக மெல்லியதாக, வெறுமையாகத் தோன்றும். இரண்டு மூன்று முறை கேளுங்கள்.

## என்ன செய்திருக்கலாம், என்ன மாற வேண்டும்

முதலாவது, 1970-ல். பதிவு செய்யும்போது கிடைக்கும் சம்மதம் அந்தப் பதிவுக்கு மட்டுமே. இருபது ஆண்டு கழித்து என்ன கருவி வரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதிவை வைத்திருப்பவர் அதன் காவலர் மட்டும்தான். வேறு பயன்பாட்டுக்குச் சரி என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லை. அந்த எல்லையை யுனெஸ்கோவும் பதிப்பாளரும் ஆய்வாளரும் தங்களுக்குள் எழுதி வைத்திருந்தால், 1992-ல் தொலைபேசியில் வந்த கேள்விக்கு ‘நான் சொல்லக்கூடியது இல்லை, ஊருக்கு எழுதிக் கேளுங்கள்’ என்ற ஒரே பதில்தான் இருந்திருக்கும். பதில் வர மாதக்கணக்கில் ஆகியிருக்கலாம். ஆல்பம் தள்ளிப்போயிருக்கலாம். போனால் என்ன?

இரண்டாவது, 1992-ல் ஆல்பத்தின் அட்டையில் ஒரே ஒரு வரி. பாடியவர் அஃபுனாக்வா, பைகு, மலைட்டா, சாலமன் தீவுகள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. இந்த ஒரு வரி இருந்திருந்தால் பிக்மி என்ற தலைப்பு பிறந்திருக்காது. நல்லெண்ணத்தில் ஒதுக்கிய பணமும் வேறொரு கண்டத்துக்குப் போயிருக்காது. நிதி உதவி செய்கிறோம் என்று அறிவிப்பவர்கள், யாருடைய பாட்டோ அவர்களுக்கே உதவுகிறோமா என்று ஒரு முறை வரைபடத்தை எடுத்துப் பார்த்திருக்கலாம்.

மூன்றாவது, சட்டம் பற்றி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம், நிகழ்த்துபவர் தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. சட்டத்தின் வரையறையில் பாடகர் என்றால் பாடகர்தான். களையெடுப்பில் பாடுபவரும் அதற்குள் அடக்கம். இதை நம் ஊரில் பாட்டுச் சேகரிப்பவர்களும், சுயாதீன இசைக்குழுக்களும், சினிமாவுக்கு நாட்டுப்புறக் குரல் தேடிப் போகிறவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ‘பாரம்பரியப் பாடல்’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. பாட்டு பாரம்பரியமாக இருக்கலாம். பாடியவருக்கு ஒரு பெயரும் ஊரும் உண்டு.

நானும் கிராமங்களுக்குப் போய்ப் பாட்டுப் பதிவு செய்கிறவன். பெரிய கருவி எல்லாம் இல்லை, ஒரு சின்ன ரெக்கார்டர், சில சமயம் போன் மட்டும். முன்பெல்லாம் ‘பாடுங்க ஆத்தா’ என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவேன். ரோரோக்வேலாவின் கதையைப் படித்த பிறகு அப்படிச் செய்வதில்லை. முதலில் உட்கார்ந்து, இது எங்கெங்கே போகக்கூடும் என்று சொல்கிறேன். போனில் யாராவது வெட்டி எடுத்து வேறு பாட்டில் சேர்க்கலாம் என்பதையும் ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். அதற்காக அந்த நடனப் பாட்டையே போட்டுக் காட்டுவேன், அப்புறம் அசலையும்.

சிவகங்கைப் பக்கம் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் இரண்டையும் கேட்டார். வெற்றிலையை மென்றுகொண்டே, “இது என்ன தம்பி சொல்லுது, பாட்டுல?” என்று கேட்டார். சொன்னேன். தலைவாரி விடுவது யார் என்ற இடம் வந்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நடவுப் பாட்டு இரண்டு பாடினார், ஒரு தாலாட்டும் பாடினார், பெயரும் ஊரும் போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்புறம் ரெக்கார்டரை அணைக்கச் சொல்லிவிட்டு இன்னொன்று பாடினார். சின்ன வயதில் செத்துப்போன அவருடைய தங்கைக்குப் பாடியதாம்.

அது என் ரெக்கார்டரில் இல்லை.